ஆசாரிப்பள்ளத்திலும் டீன், கத்தோலிக்கத் திருச்சபையிலும் டீன் என்கிறார்களே, இருவருக்கும் ஒரே வேலையா?

ஒரே வேலை இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் டீன் என்றதும் நினைவுக்கு வருபவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி டீன்தான். 2001இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கும், அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்கும் அவரே தலைவர். கலைக் கல்லூரிகளில் அந்த இடத்தில் பிரின்சிபால் இருப்பார். பல்கலைக்கழக டீன் வேறு மாதிரி. கலை, அறிவியல் என்று ஒரு புலத்துக்குள் வரும் துறைகளை ஒருங்கிணைக்கும் மூத்த பேராசிரியர் அவர்.

அப்புறம் திருச்சபை. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் உருவானது, 2014இல் அதிலிருந்து குழித்துறை பிரிந்தது. மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி. பங்கு என்பது ஒரு சாமியாரின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் மக்களும். ஒரு மறைமாவட்டத்தில் அக்கம்பக்கத்துப் பங்குகளைச் சேர்த்து ஒரு வட்டாரம் ஆக்குவார்கள். டீன் என்பது அதன் முதல்வரைத்தான். பொதுவாக அங்குள்ள குருக்களின், அதாவது சாமியார்களின், கருத்தைக் கேட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஆயர் அவரை நியமிப்பார். அவரும் மற்றவர்களைப் போல ஒரு குருதான். அதனால் அதட்டி வேலை வாங்க முடியாது, பேசித்தான் நடத்த வேண்டும்.

அவருடைய கடமைகளைத் திருச்சபைச் சட்டம் 555ஆம் எண்ணில் சொல்கிறது. வட்டாரத்தின் பொதுவான பணிகளை ஒருங்கிணைப்பது, பங்குகளைப் போய்ப் பார்ப்பது, பதிவேடுகளும் கோயில் சொத்தும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கவனிப்பது எல்லாம் அதில் வரும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு பங்குச் சாமியார் கடும் நோயில் விழுந்தால் அவருக்கு வேண்டிய உதவி கிடைக்கச் செய்வதும், இறந்தால் மரியாதையாக அடக்கம் நடக்கச் செய்வதும், அந்த நேரத்தில் கோயில் புத்தகங்களும் பொருள்களும் காணாமல் போகாமல் காப்பதும் டீனின் பொறுப்பு. குடும்பம் இல்லாத ஒரு மனிதருக்கு இது எவ்வளவு பெரிய துணை! புத்தகமும் சின்ன விஷயம் இல்லை. வளைகுடாவில் இருக்கும் பையனுக்குக் கல்யாணம் பேசினாலும் ஞானஸ்நானச் சான்று ஊர்க் கோயில் பதிவேட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்த இடமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச்சில் 1546 முதல் கல்லூரிக்கும் பேராலயத்துக்கும் ஒரே டீன்தான் தலைவர்.

உங்கள் பங்கில் சாமியாரோடு மனத்தாங்கல் என்றால் முதலில் அவரிடமே பேசுங்கள். சரிவரவில்லை என்றால் வட்டார முதல்வரிடம் போகலாம். கேட்பார், சமரசம் பேசுவார், ஆயரிடமும் எடுத்துச் சொல்வார். ஆனால் சாமியாரை மாற்ற அவரால் முடியாது, அது ஆயரின் முடிவு.