எக்ஸ்-ரேயில் வளைவு குறைந்திருந்தால் முள்ளந்தண்டு இடம்மாறிவிட்டதா?

வெள்ளவத்தையில் வசிக்கும் 43 வயது வாசகர் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். மூன்று மாதங்களாக நாரி நோகிறது. நோவு காலுக்கு இறங்கவில்லை. எக்ஸ்-ரே அறிக்கையில் இடுப்பு வளைவு குறைந்திருப்பதாக எழுதியிருப்பதைப் பார்த்த ஒரு சிகிச்சை நிலையம், முள்ளந்தண்டு இடம்மாறிவிட்டது என்றும் 20 தடவை வந்தால் சீரமைக்கலாம் என்றும் கூறி, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கிறதாம். பணம் கட்டாவிட்டால் நடக்க முடியாமற் போய்விடுமோ என்பது அவருடைய பயம்.

போகாது. முள்ளென்புகளைத் தடித்த நார்களும் தசைகளும் இறுகப் பிணைத்திருப்பதால் அவை இலகுவில் இடம்மாறுவதில்லை. நோவுள்ளவரின் இடுப்புத் தசைகள் இறுகியிருக்கும்போது எடுக்கும் படத்தில் வளைவு குறைந்து தெரிவது வழக்கம். படத்தில் தெரிவது பெரும்பாலும் நோவின் விளைவுதான். ஸ்கேன் எடுத்து, முள்ளென்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் இடைத்தட்டு பிதுங்கியிருப்பதாகச் சொன்னாலும் கலங்க வேண்டாம். நாரிநோவே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 40 வயதினரில் ஏறத்தாழ 50 வீதமானோருக்கு அந்தப் பிதுக்கம் இருந்தது.

முற்பணம் கட்டவே கட்டாதீர்கள். இத்தகைய நிலையங்கள் பெரிதாகக் காட்டும் இழுவைக் கட்டிலையும் இடுப்புப் பட்டியையும், நாட்பட்ட சாதாரண நாரிநோவுக்கு வழமையான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் கூறியிருக்கிறது. சிகிச்சையளிப்பவரிடம் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கத்தைக் கேளுங்கள்; கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். அறிக்கையை வாங்கிப் பார்த்து "எனக்குத் தெரிந்த நல்ல இடம் இருக்கிறது" என்று கூட்டிச் செல்பவருக்கு அங்கே தரகு கிடைக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இதில் நோயாளியைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இலவசம்தான். ஆனால் காலை முழுவதும் காத்திருந்தவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவரின் கையில் வேறு மொழியில் அச்சிட்ட பயிற்சித் தாளைத் திணித்து அனுப்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அறிக்கையின் ஒரு வரியை அங்கேயே விளக்கியிருந்தால் இந்த வாசகர் இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது நடப்பது. சமதரையில் காலையும் மாலையும் பத்து நிமிடம் தொடங்கி, நாளுக்கு ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். சற்று நோவதால் முள்ளந்தண்டு பழுதாகாது. கடையில் பாரமான துணிச்சுருள்களைத் தரையில் அடுக்காமல் இடுப்பளவு உயரத் தட்டுக்கு மாற்றுங்கள். எடுக்கும்போது சுருளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பாதங்களையும் சேர்த்துத் திருப்புங்கள். பதிவுபெற்ற இயன்மருத்துவர் ஒருவரிடம் இரண்டு மூன்று தடவை சென்று பயிற்சிகளைக் கற்றுக்கொண்டால், மீதியை வீட்டிலேயே செய்யலாம்.

அவசரமான ஒரு நிலைமையில் இவை எதுவும் பொருந்தாது. சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ, அறியாமல் சிறுநீரோ மலமோ கழிந்தாலோ, சைக்கிள் ஆசனத்தில் படும் பகுதி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் சோர்ந்தாலோ, முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். அப்போது பயிற்சியும் கூடாது, எண்ணெய் தேய்ப்பும் கூடாது. கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல், நள்ளிரவானாலும் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; சில மணி நேரத் தாமதமே நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். மரத்துப்போன இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வெறும் நாரிநோ என்று மட்டும் கூறினால் உங்களை வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே வாசலிலேயே அதை முதலில் சொல்லுங்கள்.