அம்மாவுக்குத் திருவல்லிக்கேணியைச் சுற்றிக் காட்ட வேண்டாம்

கேள்வி: அப்பா மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் அம்மாவைத் தனியே விட மனமில்லாமல், திருவல்லிக்கேணியில் நானும் என் கணவரும் குடியிருக்கும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு வயது 67. நடப்பதில் சிரமம் எதுவும் இல்லை. ஊரில் விடியற்காலையில் காவிரிக்குப் போய்வந்து, கோயிலுக்கும் கடைக்கும் தானே நடந்தவர், இங்கே நாள் முழுவதும் கூடத்து நாற்காலியை விட்டு எழுவதில்லை. வைகுண்ட ஏகாதசியன்று பார்த்தசாரதி கோயிலுக்கு அழைத்துச் சென்றோம், கூட்டத்தில் மிரண்டுவிட்டார். அதன்பின் எங்கே கூப்பிட்டாலும், "எனக்கு என்னடி தெரியும் இந்த ஊர்ல, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். நீங்கள் நெடுங்காலமாக இப்பகுதியில் வசிப்பவர் என்பதால் கேட்கிறேன். இங்கே பார்க்கத்தக்க இடங்களை வரிசையாகச் சொன்னால், ஞாயிறுதோறும் ஒன்றாக அழைத்துச் செல்வேன்.
– ஒரு வாசகி, சென்னை-5

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட பட்டியலை என்னால் எளிதாகத் தர முடியும். 1982-இல் மணமாகி இங்கே வந்த நாளிலிருந்து வேறு பேட்டைக்குக் குடிபோனவள் அல்ல நான். ஆனால், என் தாயார் என்னோடு வந்து தங்கிய காலத்தில் நீங்கள் செய்ய நினைப்பதையே நானும் செய்தேன். ஒரே வாரத்தில் ஆட்டோ வைத்து எல்லா இடங்களையும் காட்டி முடித்தேன். எட்டாம் நாள் அவர் அதே பாயில், அதே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குறையாக இருந்தது காட்சிகள் அல்ல, தாமாகக் கிளம்பிப் போவதற்கு ஒரு காரணமும், போன இடத்தில் "நேத்து ஏம்மா வரல?" என்று கேட்க ஒரு மனிதரும்தான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. உங்கள் அம்மாவுக்கு இன்னொரு தயக்கமும் இருக்கக்கூடும். மாப்பிள்ளையின் வீட்டில் இருக்கிறோம், யாருக்கும் சுமையாகிவிடக் கூடாது என்ற கூச்சத்தை அந்தத் தலைமுறைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆகவே கோயிலிலிருந்தே மறுபடியும் தொடங்குங்கள். வைகுண்ட ஏகாதசியன்று நீங்கள் போனது கோயிலுக்கு என்பதைவிட ஒரு கூட்டத்துக்கு என்றே சொல்ல வேண்டும். பரமபத வாசல் திறக்கும் அந்த நாளில், பல ஆண்டுகளாக இங்கே வாழும் நாங்களே தயங்கித்தான் தெருவில் இறங்குவோம். ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை, விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, காலை ஏழு மணி வாக்கில் கிழக்குக் கோபுர வாசல் வழியாக அழைத்துச் செல்லுங்கள். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடும், வலக்கையில் சங்கோடும், கையில் சக்கரம் இல்லாமலும் நிற்கிறார்; அருகிலேயே ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று மனைவி, அண்ணன், தம்பி, மகன், பேரன் எல்லோரும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு இப்படிக் காட்சி தரும் பெருமாளைக் கும்பகோணத்துக் கோயில்களில் பழகிய உங்கள் அம்மா நின்று பார்ப்பார் என்றே நினைக்கிறேன். உற்சவரின் முகத்தில் இருக்கும் தழும்புகள், தேரோட்டியாக நின்றபோது பீஷ்மரின் அம்புகள் பட்டவை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதை நீங்கள் விளக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு மாமி சொல்லட்டும், பேச்சு அங்கிருந்து தொடங்கும். மேற்கு நோக்கியிருக்கும் நரசிம்மரையும் சேவித்த பின் உடனே கிளம்பாமல், பிராகாரத்தில் கால்மணி நேரமாவது உட்காருங்கள். அங்கே தினமும் வருகிற வயதான பெண்கள் பலர், துணையை இழந்தபின் தனியே வந்து பழகியவர்கள்.

எதிரே இருக்கும் கைரவிணிக் குளத்தை ஒட்டி ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள். அல்லி மலர்ந்த கேணி என்பதுதான் ஊருக்கே பெயராயிற்று. காவிரிப் படித்துறைக்கு அது ஈடாகாது. ஆனாலும் காலையில் தண்ணீரைக் கண்ணால் பார்த்துப் பழகியவருக்கு அதுவும் ஓர் ஆறுதல். குளத்தைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பெருமாள் புறப்பாடு வரும் மாலைகளில், முன்னால் செல்லும் கோஷ்டியின் பிரபந்தம் கேட்கும். பெரிய உற்சவ நாள்களைத் தவிர்த்துச் சிறிய புறப்பாடுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பாசுரங்கள் அவருக்கு ஊரிலேயே பாடமாக இருக்கலாம்.

முதல் நான்கைந்து நாள்கள் நீங்கள் உடன் செல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே பூக்காரரிடம் பூ வாங்குங்கள், பேரம் பேசுவதை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாள், "எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, சுவாமி படத்துக்குப் பூ இல்லை" என்று சொல்லி அவரை மட்டும் அனுப்புங்கள். நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வீட்டுக்குத் தேவையான ஒரு வேலையை, நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டிய ஒன்றை, அவர் பொறுப்பில் விடுங்கள். வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டால் மறுத்துவிடுவார், வேலையென்றால் கிளம்பிவிடுவார்.

அடுத்தது ஜாம் பஜார். பாரதி சாலையில், இன்னும் பலர் பைகிராஃப்ட்ஸ் சாலை என்றே சொல்லும் அந்தச் சாலையில் இருக்கும் காய்கறிச் சந்தை. நீங்கள் கைப்பேசியில் காய்கறி வரவழைக்கிறவராக இருந்தால், வாரத்தில் இரண்டு நாள்களுக்காவது அதை நிறுத்துங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கும் கைகளுக்கு அங்கே மரியாதை உண்டு; என் தாயார் இந்த ஊரில் முதன்முதலாகக் குரலை உயர்த்தியதே அங்கே, கீரைக் கட்டு ஒன்றின் விலைக்காகத்தான், அன்று வீடு திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் மறக்கவில்லை. போகும்போது நடந்தும், பை கனத்துவிட்டால் திரும்பும்போது ஆட்டோவிலும் வரச் சொல்லுங்கள். மளிகைக்குப் பெரிய தெருவின் டி.யு.சி.எஸ். இருக்கிறது. 1904-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. இப்பகுதியின் பழைய குடும்பங்கள் தலைமுறைகளாகக் கணக்கு வைத்திருந்தவை.

கடற்கரைக்கு மாலையில் போகலாம். மணலில் கால் புதைந்து நடப்பது இந்த வயதில் முழங்காலுக்கு ஆகாது என்பதால், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கப்பட்ட மரப்பாதை வழியாக அழைத்துச் செல்லுங்கள். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சிதைந்து, பின்னர் சீரமைக்கப்பட்ட பாதை அது. அலைக்கு அருகிலேயே கொண்டுபோய் விடும். அங்கே போகும்போது எதிரிலுள்ள அந்த வளைந்த முகப்புள்ள கட்டடத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கட்டியதால் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்றது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது அங்கேதான். ஆனால், அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் நினைப்பது சகோதரி சுப்பலட்சுமியை. சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்து, 1911-இல் பட்டம் பெற்ற அவர், தம்மைப் போன்ற இளம் விதவைகளை அங்கே தங்கவைத்துப் படிக்கவைத்தார். மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பெண்கள் கடலைப் பார்த்தபடி பாடம் படித்த இடம் அது. எட்டு மாதங்களுக்கு முன் கணவரை இழந்த ஒருவரிடம் இதை எப்போது சொல்வது என்பதை நீங்களே அறிவீர்கள், சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மற்றவற்றுக்கு அவசரமில்லை. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்து 1921-இல் மறைந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. இரண்டு மாதங்கள் கழித்து, தெருக்கள் பழகிய பின் போனால் போதும். ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி 1948-லிருந்து பெயர் பெற்றது. வெளியில் உண்ணும் வழக்கம் அம்மாவுக்கு இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், ஒரு காபி குடிக்க உடன் வரட்டும். ரமலான் மாதத்தில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கம் மாலையில் நடக்க நேர்ந்தால், நோன்பு திறக்க வருவோருக்கு இந்துத் தொண்டர்கள் உணவு பரிமாறுவது பல ஆண்டுகளாக நடந்துவருவதை அவரிடம் சொல்லுங்கள்; இந்த ஊரின் மேல் அவருக்கு நம்பிக்கை பிறக்க அது ஒன்றே போதுமானது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. எங்கள் தெருக்களில் மாடுகள் திரியும்; அவற்றால் முதியவர்கள் காயமடைந்த நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. மாடு நிற்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போகச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையைக் கடப்பதை மட்டும் நீங்கள் பல முறை உடனிருந்து பழக்குங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று அவருடைய சுருக்குப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் கேட்டதற்கு மாறாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் உங்களை அழைத்துச் செல்லட்டும், எந்தப் பூக்காரரிடம், எந்தக் கீரைக்கடைக்கு, எந்த வாசல் வழியாக என்பதை அவரே முடிவு செய்யட்டும். முதல் முறை தனியாகப் போய்த் திரும்ப அவருக்குச் சற்று நேரமாகலாம். வாசலில் நின்று காத்திருக்காதீர்கள், கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருக்காதீர்கள். யாரோடாவது பேசிக்கொண்டு நின்றிருப்பார்.