யுரேனியம் 238 சிதைந்து காரீயம் 206 ஆகும்போது பீட்டா சிதைவு எத்தனை?

8 ஆல்பா என்பது சரி: ஒரு ஆல்பா துகள் (2 புரோட்டான், 2 நியூட்ரான்) வெளியேறினால் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் மொத்தம்) 4 குறையும், அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை) 2 குறையும். 238-இல் 206 போக 32, அதை 4-ஆல் வகுத்தால் 8. அப்புறம் அணு எண் 92-இல் 16 போய் 76 வருகிறது, காரீயத்துக்கோ 82, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை, அந்த 6 வித்தியாசம்தான் உங்கள் விடை.

பீட்டா சிதைவில் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது. நிறை எண் அப்படியே இருக்கும், அணு எண் ஒன்று கூடும். (இது வெளிச்சுற்றில் சுற்றும் எலக்ட்ரான் அல்ல, பலரும் குழம்புவது இங்கேதான்.) 76-லிருந்து 82-க்கு ஏற 6 பீட்டா வேண்டும்.

கணக்கில் ஆல்பாவை முதலில் போடுவது நம் வசதிக்குத்தான். உண்மையில் யுரேனியம் ஒரு ஆல்பாவை விட்டுத் தோரியம் 234 ஆகும், அடுத்து இரண்டு பீட்டா, இப்படிக் கலந்தே நடக்கும்.