தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியராக இருப்பவர் பொறுப்பதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கலாமா? அதற்கு மேலே போக வழி இருக்கிறதா?

போடுங்கள். வழியும் இருக்கிறது. இதற்கு மேல் வாசிக்க நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வியில் ஊரைச் சொல்லவில்லை. ஆனால் "பழையவர் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார், என்னைப் போடச் சொல்கிறார்கள், படிப்பிப்பது விட்டுப்போய்விடுமோ என்று பயம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், வன்னியில் ஏ9 வீதியில் (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) இருந்து உள்ளே தள்ளி, மூன்று நான்கு கோர்ஸ் நடக்கிற சின்ன நிலையம் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். நானும் அப்படியொரு நிலையத்தில்தான், முல்லைத்தீவுப் பக்கம், கம்பியூட்டர் படிப்பித்துக்கொண்டு இருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் எடுக்கிறேன்.

கடதாசி விஷயத்தை முதலில் சொல்லி முடிக்கிறேன். தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். உங்களிடம் நான்குதான் இருக்கிறதென்றால் அதோடு பொறுப்பதிகாரி வரை தட்டித் தடவிப் போகலாம், மாவட்ட மட்டத்துக்கு மேலே கஷ்டம். இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான யுனிவொட்டெக் என்கிற தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போதனாசிரியர்களுக்கென்றே அங்கே பட்டப்படிப்பு உண்டு, வார இறுதியில் படிக்கலாம். வன்னியில் இருந்து வார இறுதிக்கு இரத்மலானை போய் வருவது என்றால் என்ன என்று அந்தப் பாடத்திட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது, அது வேறு கதை. பிறகு சிங்களம். இரண்டாம் மொழித் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வில் சிக்கும். அதோடு தலைமைக் காரியாலயத்துக்கு ரெலிபோன் எடுத்து நாலு வசனம் பேசத் தெரியாவிட்டால் உங்கள் நிலையத்துக்கு வரவேண்டிய வெல்டிங் கூர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். பரீட்சைக்காக இல்லாவிட்டாலும் அதற்காகப் படியுங்கள்.

சரி, இப்போது உங்கள் பயம். படிப்பிப்பது விட்டுப்போகும், உண்மைதான். ஆனால் அந்தக் கதிரையில் வேலை கடதாசி பார்ப்பது என்று நினைத்துப் பயப்படுகிறீர்களே, அதுதான் சரியில்லை. வேலை முழுக்க கேற்றுக்கு வெளியே இருக்கிறது.

நான் பொறுப்பெடுத்தபோது மோட்டார் மெக்கானிக் கோர்ஸ் பெடியள் வகுப்பை முடித்துவிட்டு வேலைத்தளப் பயிற்சிக்கு இடமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அது முடியாமல் சான்றிதழ் இல்லை. சும்மா இருந்தால் மேசன் வேலைக்குப் போய்விடுவார்கள், இல்லையென்றால் கொழும்புக்கு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கராஜ் கராஜாகப் போனேன். எல்லா இடமும் ஒரே பதில்: "பாப்பம் ரீச்சர்". வன்னியில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கராஜ்காரர், வயது அறுபதுக்குக் கிட்ட, லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் இருந்து ரிப்பர் லொறி வரை கை வைப்பவர். அவர்தான் உண்மையைச் சொன்னார். பெடியனின் நாட்குறிப்பேட்டில் மேற்பார்வையாளர் கையெழுத்து, தகைமை என்று ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதைக் காட்டி, "இதில நான் என்னத்த எழுதுறது ரீச்சர்? எனக்கே ஒரு சேட்டிபிக்கற் துண்டும் இல்லை. நாளைக்கு இவன் துண்டோட வந்து எனக்குப் படிப்பிப்பான்" என்றார்.

யுத்த காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிளில் கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய வன்னி இது. உதிரிப்பாகம் வராத நாட்டில் லொறிகளை ஓடவைத்தவர்கள் இவர்கள். 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்து சாமான் வரத் தொடங்கியதும் இவர்களுடைய கெட்டித்தனம் யாருக்கும் தேவைப்படவில்லை. கடைசி யுத்தத்து இடம்பெயர்வில், மிஞ்சியிருந்த ஸ்பானர் பெட்டியும் போய்விட்டது. ஒரு கடதாசி கேட்டால் எங்கே போவார்?

முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. வகுப்புக்கு வராமலே, வேலை அனுபவத்தை வைத்து மதிப்பீடு செய்து அதே தேசிய தொழிற்தகைமையைக் கொடுப்பார்கள். சுவரில் போஸ்டரே ஒட்டியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை. அவருக்காகப் படிவத்தை நானே கராஜிலேயே இருந்து நிரப்பினேன். செய்த வேலைகளைப் போனில் படம் எடுத்தோம், கிராம சேவகரிடமும் நெடுநாள் வாடிக்கையாளர் இருவரிடமும் கடிதம் வாங்கினோம்.

மதிப்பீட்டு நாள் மனிதர் ரப்பர் செருப்போடு வந்து நிற்கிறார். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் தொட விடமாட்டேன் என்று மதிப்பீட்டாளர். எங்கள் பெடியன் ஒருவனுடைய சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தோம், இரண்டு அளவு சின்னது. அதை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டித்தான் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜாக்கி போட்ட வாகனத்துக்குக் கீழே ஸ்ராண்ட் வைக்காமல் போய்விட்டார். அந்த அலகில் "இன்னும் தேர்ச்சியில்லை" என்று போட்டுவிட்டார் மதிப்பீட்டாளர். எனக்கு வந்த கோபம்! இப்போது யோசித்தால் அவர் செய்தது நியாயம், வாகனம் ஆள் பார்த்து விழாது. அந்த அலகை மட்டும் திரும்பச் செய்யலாம் என்பதுதான் இந்த முறையின் நல்ல பக்கம். திரும்பவும் வந்தார், சொந்தச் சப்பாத்தோடு.

சான்றிதழ் கராஜில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, கண்ணாடியில் ஒயில் கை. இரண்டு பெடியளை எடுத்தார். பிறகு அவரே மற்றக் கராஜ்காரருக்குக் கோல் எடுத்து "ரீச்சரிட்டப் போ" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மெக்கானிக் பெடியள் இடமில்லாமல் வீட்டில் இருந்ததில்லை.

இதை வாசித்துவிட்டு "கம்பியூட்டர் படிப்பித்தவவுக்கு எஞ்சின் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க ஆள் வரும். ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, அதற்குப் போதனாசிரியர் இருக்கிறார். "இது தலைமைத்துவமா, தரகு வேலையா" என்றும் கேட்பார்கள். தரகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு வருகிற பெற்றோர் எங்கள் கொட்டகையைப் பார்த்து "இவ்வளவுதானா" என்பார்கள். கட்டடத்தால் அவர்களோடு போட்டி போட முடியாது. படிப்பு முடிந்த பிள்ளை வேலையில் நிற்கிறதா என்பதில் போடலாம். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள். நானே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எழுத வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சீசன் ரிக்கற் வைத்திருக்கிற பிள்ளை கையைப் போட்டால் பஸ் நிற்காது. காசு கொடுக்கிற ஆள் பக்கத்தில் நின்றால் நிற்கும். எட்டரைக்கு வகுப்பு, பிள்ளை பத்து மணிக்கு வியர்த்துக்கொண்டு வருகிறது, வரவுப் பதிவேட்டில் நான் என்ன போடுவது? வரவு குறைந்தால் "ஏன் மாணவர் இடைவிலகல்" என்று மேலிடத்தில் இருந்து கடிதம் எனக்கு வரும், பஸ்காரருக்கு வராது. டிப்போவில் போய்ச் சொன்னேன், "எழுதித் தாங்கோ" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமையும் நிற்கவில்லை.

சரி, உங்களுக்கு. வெளிநாடு போக ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவு தரலாம் என்று 2022இல் அரச ஊழியருக்குச் சுற்றறிக்கை வந்த பிறகு நிறையக் கதிரை காலி. அதனால் உங்களை முதலில் நிரந்தரமாக இல்லாமல் "பதில் கடமை" (அக்டிங்) என்று போடப் பார்ப்பார்கள். வாய்ப்பேச்சில் ஏற்காதீர்கள், கடிதமும் அதற்குரிய கொடுப்பனவும் கையில் வரட்டும். பொறுப்பேற்கும் நாளில் ஸ்ரோரைத் திறந்து, பொருட்பதிவேட்டை வைத்து ஒவ்வொரு ஸ்பானராக எண்ணுங்கள். பழையவர் அவசரத்தில் நிற்பார், "எல்லாம் சரியா இருக்கு, ஒப்பம் வையுங்கோ" என்பார். எண்ணி முடியும் வரை வைக்க வேண்டாம். குறைந்தது எதுவோ அது பிறகு உங்கள் சம்பளத்தில்தான் வெட்டுப்படும்.