ஷாட் விழாத இரவில் வந்த கோப்பை: நியூயார்க் லிபர்ட்டி 2024 – கேள்வி பதில்

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவின் 2024 சீசனைப் பற்றி, முக்கியமாக நியூயார்க் லிபர்ட்டி அணி மின்னசோட்டா லிங்ஸை 3-2 என்று வென்ற இறுதித் தொடரைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பல வருடமாக லிபர்ட்டியைப் பின்தொடர்கிறவள் நான். அந்தப் பாசம் பதில்களில் தெரியத்தான் செய்யும். லிங்ஸ் ரசிகர்களும் காட்டமாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் நேராகவே சொல்கிறேன்.

கே: அக்கா, ஒரு கோப்பை ஜெயித்ததற்கு லிபர்ட்டி ரசிகர்கள் ஏன் அப்படி அழுதார்கள்? நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

ப: லீக் தொடங்கிய 1997-லிருந்து இருக்கிற அணி இது. அந்த முதல் வருடமே இறுதிப் போட்டிக்குப் போய்த் தோற்றது. 1999, 2000, 2002 என்று மறுபடி மறுபடி போனது, மறுபடி மறுபடி தோற்றது. முதல் மூன்று தோல்வியும் ஹூஸ்டன் காமெட்ஸிடம். 1999-ல் டெரெசா வெதர்ஸ்பூன் கடைசி நொடியில் மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தார்கள், அடுத்ததில் தொடரையே விட்டார்கள். பழைய ரசிகர்கள் இன்றும் அந்த ஷாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், ஏனென்றால் பேசுவதற்குக் கோப்பை எதுவும் இல்லை.

அதைவிட மோசமான காலமும் இருந்தது. 2018, 2019-ல் பழைய உரிமையாளர்கள் அணியை விற்கப் பார்த்தபோது, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆடிக்கொண்டிருந்த அணியை நகரத்துக்கு வெளியே வைட் ப்ளெயின்ஸில் உள்ள ஒரு சின்ன அரங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 2019-ல் ஜோ சாய், கிளாரா வூ சாய் தம்பதி வாங்கினார்கள். கொரோனா வருடமான 2020-ல் 22 ஆட்டத்தில் வெறும் இரண்டில்தான் வெற்றி. 2021-ல் புரூக்ளினில் இருக்கும் பார்க்லேஸ் சென்டருக்கு வந்தார்கள். 2023-ல் இறுதிப் போட்டியில் லாஸ் வேகாஸ் ஏசஸ் இவர்களுடைய சொந்த அரங்கிலேயே, 70-69 என்று ஒரு புள்ளியில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ஐந்து முறை கடைசிப் படி வரை ஏறி வெறுங்கையோடு திரும்பியவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்?

கே: இறுதித் தொடரின் முதல் ஆட்டத்திலேயே லிபர்ட்டி ஜெயித்திருக்க வேண்டியது. ப்ரியானா ஸ்டூவர்ட்தானே கெடுத்தார்?

ப: கெடுத்தது அவர் மட்டும் இல்லை. லிபர்ட்டி 18 புள்ளி முன்னிலையில் இருந்த ஆட்டம் அது. நான்காவது கால்பகுதியில் ஐந்து நிமிடம் சொச்சம் இருக்கும்போதுகூட 15 புள்ளி முன்னால் இருந்தார்கள். அதை மொத்த அணியும் சேர்ந்துதான் கரைத்தது. 5.5 நொடி இருக்கும்போது லிங்ஸின் கர்ட்னி வில்லியம்ஸ் த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டார், அதோடு ஃபவுலும் கிடைத்தது, ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், ஒரு புள்ளிக்கான தடையில்லா ஷாட்) விழுந்தது. ஒரே தடவையில் நான்கு புள்ளி, லிங்ஸ் முன்னால். ஸ்டூவர்ட்டுக்குக் கடைசியில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. ஒன்று விழுந்தது, ஒன்று தவறியது. ஆட்டம் சமனாகி ஓவர்டைமுக்கு, அதாவது கூடுதல் ஐந்து நிமிடத்துக்குப் போனது. அதில் லிங்ஸின் நபீசா காலியர் முடித்துவைத்தார், 95-93.

அதே ஸ்டூவர்ட் மூன்றாவது ஆட்டத்தில், மின்னசோட்டாவில், 30 புள்ளி எடுத்தார். அதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

கே: கடைசி ஆட்டத்தில் சப்ரினா ஐயோனெஸ்கு 19 ஷாட் எடுத்து ஒன்றே ஒன்றுதான் போட்டார். வேறு எந்த கோச்சாக இருந்தாலும் வெளியே உட்கார வைத்திருப்பார். சாண்டி பிராண்டெல்லோ ஏன் வைக்கவில்லை?

ப: இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

19-க்கு 1 என்பது பயங்கரமான எண். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் 8 அசிஸ்ட் (கூடை விழக் காரணமான பாஸ்) கொடுத்திருக்கிறார், 7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுத்திருக்கிறார். லிங்ஸின் தடுப்பாட்டக்காரர்கள் அவரை நம்பி விட்டுவிட முடியாது, ஏனென்றால் மூன்றாவது ஆட்டத்தில் 77-77 என்று இருந்தபோது, 28 அடி தூரத்திலிருந்து, ஒரு நொடி மிச்சம் வைத்து அவர் போட்ட த்ரீ பாயிண்டர் அவர்கள் கண்ணுக்குள்ளேயே இருக்கும். அப்படி ஒருவர் களத்தில் நிற்கும்போது, ஷாட் விழாவிட்டாலும், அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் நின்றாக வேண்டும். அந்த இடைவெளி மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. பிராண்டெல்லோ அதைத்தான் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

மற்றவர்கள் யார்? இங்கேதான் இந்தச் சாம்பியன்கள் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது. ஸ்டூவர்ட்டுக்கும் அன்று ஷாட் விழவில்லை. 15 ரீபவுண்ட் எடுத்தார். முதல் பாதியில் லிபர்ட்டி 12 புள்ளி வரை பின்தங்கியது. இரண்டு பெரிய நட்சத்திரங்களும் தடுமாறும் இரவில், கோப்பையைப் பிடித்துக் கொடுத்தது இரண்டு ஜெர்மன்காரிகள். லியோனி ஃபீபிக், அந்த வருடம்தான் லீக்குக்கே வந்தவர், ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். பிளேஆஃப் தொடங்கியதும் பிராண்டெல்லோ அவரை முதல் ஐவரில் சேர்த்தார். கடைசி ஆட்டத்தில் 13 புள்ளி. இன்னொருவர் நியாரா சபாலி. 2022-ல் முழங்கால் காயத்தால் தன் முதல் சீசன் முழுவதையும் இழந்தவர். பெஞ்சிலிருந்து வந்து அவரும் 13 புள்ளி, 7 ரீபவுண்ட்.

ஓவர்டைம் தொடங்கியதும் முதல் ஷாட் ஃபீபிக்கின் த்ரீ பாயிண்டர். அடுத்து சபாலி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, கூடைக்குப் பக்கத்திலேயே போய் லே-அப் போட்டார். 65-60. அரங்கில் இருந்த 18,000-க்கும் மேற்பட்டவர்கள் கூரையைப் பெயர்த்துவிடுவார்கள் போல இருந்தது. நமக்கு அது திங்கள்கிழமை காலை நேரம். எங்கள் வீட்டில் எல்லோரையும் நான்தான் எழுப்பிவிட்டேன்.

கே: லிங்ஸ் ரசிகன் நான். நேரடியாகக் கேட்கிறேன்: அந்த ஃபவுல் ஃபவுலா? கோப்பையை நடுவர்கள் கொடுத்தார்களா, இல்லையா?

ப: நிலைமையை முதலில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆட்டம், 5.2 நொடி மிச்சம், லிங்ஸ் 60-58 என்று முன்னால். ஸ்டூவர்ட் கூடைக்கு ஏறும்போது அலானா ஸ்மித் மேல் ஃபவுல் கொடுத்தார்கள். லிங்ஸ் கோச் ஷெரில் ரீவ் மறுபரிசீலனை கேட்டார்; நடுவர்கள் மாற்றவில்லை. ஸ்டூவர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும், கோப்பை தங்களிடமிருந்து திருடப்பட்டது என்று ரீவ் வெளிப்படையாகவே சொன்னார்.

என் கருத்து: தொடுதல் இருந்தது, ஆனால் மிகச் சின்னது. சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் நான் நடுவராக இருந்தால் விசில் ஊதியிருக்க மாட்டேன். ஃப்ரீ த்ரோ கணக்கும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. லிபர்ட்டிக்கு 25, லிங்ஸுக்கு 8. உங்கள் கோபத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் முழுசாக இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் லிங்ஸ் எடுத்தது இரண்டே புள்ளி. 67-62. அந்த ஐந்து நிமிடத் தடுப்பாட்டத்தை எந்த நடுவரும் ஆடிக் கொடுக்கவில்லை.

நான்காவது ஆட்டத்தை மறந்துவிடாதீர்கள். 80-80 என்று இருக்கும்போது கடைசி இரண்டு நொடியில் ப்ரிஜெட் கார்ல்டனுக்கு ஃபவுல் கிடைத்தது. அவர் இரண்டையும் போட்டு உங்களைக் காப்பாற்றினார். அன்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

கே: ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை விருது, ஜான்க்வெல் ஜோன்ஸுக்கு ஏன்? காலியர்தானே தொடர் முழுவதும் சிறப்பாக ஆடினார்?

ப: காலியர் அந்த வருடம் ஆடியது பிரமாதம். முதல் சுற்றில் ஃபீனிக்ஸ் மெர்க்குரிக்கு எதிராக 38, அடுத்த ஆட்டத்தில் 42. லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். ஆனால் ஃபைனல்ஸ் எம்விபி வழக்கமாக ஜெயித்த அணிக்குப் போகும். அந்த அணியில் ஐந்து ஆட்டமும் ஒரே சீராக இருந்தவர் ஜோன்ஸ். சராசரி 17.8 புள்ளி, 7.6 ரீபவுண்ட், கடைசி ஆட்டத்தில் 17.

பஹாமாஸ் தீவுகளிலிருந்து பள்ளி வயதில் கூடைப்பந்துக்காக அமெரிக்கா வந்தவர். கனெக்டிகட் சன் அணியோடு 2019-லும் 2022-லும் இறுதிப் போட்டியில் தோற்றார். 2023-ல் லிபர்ட்டிக்கு வந்து மூன்றாவது முறையும் தோற்றார். 2021-ல் லீக்கின் எம்விபியாக இருந்தவர், இந்த அணியில் மூன்றாவது பெயராகச் சொல்லப்படுவதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவர் கையில் அந்தக் கோப்பையைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் லிபர்ட்டி ஜெயித்த சந்தோஷத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

கே: ஏஜா வில்சன்தான் அந்த சீசன் எம்விபி. அவர் அணிக்கு என்ன ஆனது?

ப: அரையிறுதியில் லிபர்ட்டி 3-1 என்று ஏசஸை வெளியேற்றியது. முந்தைய வருடக் கணக்கைத் தீர்த்தார்கள். வில்சன் ஆட்டத்துக்குச் சராசரி 26.9 புள்ளி எடுத்த சீசன் அது. எம்விபி வாக்குகள் ஒன்றுவிடாமல் அவருக்கே விழுந்தன.

கே: உண்மையைச் சொல்லுங்கள், கெயிட்லின் கிளார்க் இல்லாத இறுதிப் போட்டியை யாராவது பார்த்தார்களா?

ப: பார்த்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 22 லட்சம் பேர் பார்த்தார்கள். 25 வருடத்தில் அதிகம் பேர் பார்த்த இறுதி ஆட்டம் அதுதான். கிளார்க்கின் இண்டியானா ஃபீவர் முதல் சுற்றிலேயே கனெக்டிகட்டிடம் 0-2 என்று வெளியேறியிருந்தது. அவரால்தான் பலர் இந்த லீக் பக்கமே திரும்பிப் பார்த்தார்கள் என்பதை மறுக்க மாட்டேன். முதல் சீசனிலேயே 337 அசிஸ்ட் கொடுத்து லீக் சாதனை படைத்தவர். வந்தவர்கள் அவர் போன பிறகும் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

கே: ரீவுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டா? ஆட்டத்துக்கு நடுவே பேசிக்கொண்டார்களே.

ப: நல்ல கேள்வி. அந்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 67-66 என்று வென்று தங்கம் எடுத்த அமெரிக்க அணியின் கோச் ரீவ்தான். அந்த அணியில் ஸ்டூவர்ட், ஐயோனெஸ்கு, காலியர் மூவரும் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் இருவரைத் தடுக்கத் திட்டம் போட வேண்டிய வேலை அவருக்கு. மறுபக்கம், பிராண்டெல்லோ அதே ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு வெண்கலம் வாங்கிக்கொடுத்த கோச். அந்த ஆஸ்திரேலிய அணியில் ஆடியவர் யார் தெரியுமா? அலானா ஸ்மித். ஆமாம், கடைசி ஃபவுல் யார் மேல் கொடுக்கப்பட்டதோ அதே ஸ்மித்.

கே: வீராங்கனைகளின் சம்பளம், பயணம் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். ஆண்கள் லீக் மாதிரி வசதி உண்டா?

ப: பக்கத்தில்கூட வராது. லீக் முழுவதற்கும் தனி விமானம் வந்ததே 2024-ல்தான். அதற்கு முன் ஆறரை அடி உயர ஜோன்ஸ் மாதிரி ஆட்கள் சாதாரணப் பயணிகள் விமானத்தில் காலை மடக்கிக்கொண்டு போய், மறுநாள் ஆட வேண்டும். 2021-ல் லிபர்ட்டி உரிமையாளர்கள் தங்கள் அணிக்குத் தனி விமானம் ஏற்பாடு செய்தார்கள். விதிமீறல் என்று லீக் 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது! கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அரங்குகள் நிரம்பிய ஒரு வருடத்தில் இந்தத் தொகை எனக்கு அநியாயமாகத்தான் பட்டது. இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே வீராங்கனைகள் சங்கம் பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதாக அறிவித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கே: அந்த யானை யார்? என் பையன் கேட்கிறான்.

ப: எல்லி! லிபர்ட்டியின் சின்னம். நீளமான சடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடும். பையனுக்கு அக்டோபர் 24 ஊர்வலத்தைக் காட்டுங்கள், பிராட்வேயில் காகிதத் துண்டுகள் மழை மாதிரி கொட்டும். ஆண்கள் அணிகளில் நிக்ஸ் 1973-ல் ஜெயித்தது, நெட்ஸ் 1976-ல் ஏபிஏ என்ற அப்போதைய இன்னொரு லீக்கின் கோப்பையை வாங்கியது; அதற்குப் பிறகு நியூயார்க்குக்கு வந்த முதல் தொழில்முறைக் கூடைப்பந்துக் கோப்பை இது.

கே: அக்கா, என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். இந்தத் தொடரில் ஒரு ஆட்டம் மட்டும் பார்க்க வைக்கலாம் என்றால் எது?

ப: விறுவிறுப்புக்காக என்றால் மூன்றாவது ஆட்டம். 15 புள்ளி பின்தங்கியிருந்த லிபர்ட்டி மெல்ல மெல்ல நெருங்கி வந்து, ஐயோனெஸ்குவின் அந்த ஷாட்டில் 80-77 என்று முடியும். யாருக்கும் பிடிக்கும்.

ஆனால் ஆடுகிற பெண் என்றால் ஐந்தாவதைக் காட்டுங்கள். இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு ஃபீபிக்கை மட்டும் பார்க்கட்டும். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறார், எப்போது கையைத் தூக்குகிறார், ரீபவுண்டுக்கு யாரை முதுகால் மறிக்கிறார் என்று கவனிக்கட்டும். அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று எழுதுங்கள், உயரமான பெண் என்றால் சபாலி ஆடிய நிமிடங்களைத் தனியாகக் குறித்து அனுப்புகிறேன்.