மேய்ச்சல் மாடா, தீவன மாடா?

கேள்வி: குளத்து அலைகரையில் மேய்ந்த மாட்டின் இறைச்சி, தானியத் தீவனம் தின்ற மாட்டின் இறைச்சியைவிட மேலானதா? (வாசகி, மாங்குளம்)

பதில்: முதலில் கொழுப்பின் நிறத்தைப் பாருங்கள், அம்மா. புல்லிலுள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி படிவதால் மேய்ச்சல் மாட்டின் கொழுப்பு இளமஞ்சளாக இருக்கும். தானியம் தின்ற மாட்டில் அது வெண்மையாக, தசைக்குள்ளும் மெல்லிய இழைகளாக ஓடுவதால், இறைச்சி மிருதுவாக இருக்கும். அறுவடை முடிந்த வயலிலும் காட்டோரத்திலும் நாள் முழுவதும் நடந்து மேய்ந்த நம் வன்னி மாட்டின் தசை இறுகியது. ஆனால், மிளகாய்த்தூள் பிரட்டி மெல்லிய நெருப்பில் நேரமெடுத்துக் காய்ச்சினால், அதன் சுவைக்கு ஈடில்லை என்பதே என் எண்ணம். அதில் கொழுப்பு குறைவு, இதயத்துக்கு நல்லதெனப்படும் ஒமேகா 3 என்ற கொழுப்பு வகை சற்றுக் கூடுதல் என்பதும் உண்மைதான். ஆயினும் முல்லைத்தீவுக் கடலின் சூடை மீனிலுள்ள அளவுக்கு அது கிட்டவும் வராது. இதய நோயுள்ளவர்கள் எந்த மாட்டிறைச்சியாயினும் கொழுப்பை வெட்டி நீக்கி, அளவோடே உண்ண வேண்டும்.