திரைப்பட வட்டுகளைப் பட்டியலிடுதல்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பல்கலைக்கழக நூலகமொன்றின் ஒலி-ஒளிப் பிரிவைக் கவனிக்கும் நூலகர் அளித்த பதில்கள்.

கடலூர், கல்லூரி உதவி நூலகர்: ஐயா, எங்கள் டிவிடிகள் அனைத்தும் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி முறையில், திரைப்படத்துக்குரிய 791.43 என்ற ஒரே எண்ணில் குவிந்துள்ளன. புராணம், சமூகம், நகைச்சுவை என்று பிரித்து அடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே படம் புராணமாகவும் நகைச்சுவையாகவும் இருக்கும். அடுக்கில் அதற்கு ஓரிடந்தான் உண்டு. கணினிப் பட்டியலிலோ, நூலகப் பதிவுகளை எண்ணிட்ட புலங்களாக (தகவல் கட்டங்களாக)ப் பிரிக்கும் மார்க் 21 அமைப்பின் 655ஆம் புலத்தில், எத்தனை வகைகளையும் குறிக்கலாம். ஆகவே வட்டுகளைச் சேர்க்கை எண் (நூலகத்துக்கு வந்த வரிசைப்படி இடும் எண்) வரிசையில் பணியாளர் பொறுப்பிலுள்ள அலமாரியில் வைத்துவிட்டு, வெற்று உறைகளை மட்டும் மொழிவாரியாகவும் அதற்குள் தலைப்பின் அகர வரிசையிலும் மாணவர் கைக்கெட்டும் அடுக்கில் வையுங்கள். ஆவணப்படங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீன்பிடித் தொழிலைப் பற்றிய ஆவணப்படத்தின் உறை, 639.2 எண்ணுள்ள நூல்களோடு நிற்கட்டும். கடலூர் போன்ற துறைமுக ஊரில் அப்பொருளைத் தேடி வருபவர் சினிமா அடுக்குப் பக்கம் போகவே மாட்டார்.

காலாப்பட்டு, ஆய்வு மாணவி: இயக்குநர் பெயரைக் கொடுத்துத் தேடினால் படம் கிடைப்பதில்லையே, ஏன்?

பெரும்பாலும் அவர் பெயர் 508ஆம் புலத்தில் வெறும் குறிப்பாக நின்றிருக்கும். 700ஆம் புலத்தில் தனிப் பதிவாகவும் கொடுத்தால்தான் பெயர்வழித் தேடலில் அகப்படும். திரைப்படம் பலர் கூடி ஆக்குவது என்பதால் ஆக்கியவர் பெயருக்குப் பதிலாகத் தலைப்பே பட்டியலின் முதன்மைப் பதிவாகிறது. அதனாலேயே இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் பெயர்களை விடாமல் சேர்ப்பது நூலகரின் கடமையாகிறது. நேரமில்லை என்று நடிகர்களோடு நிறுத்திவிடும் வழக்கம் ஆய்வாளருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

சிதம்பரம், நூலக அறிவியல் மாணவர்: ஒரே படம் இரு மொழிகளில் இருந்தால் ஒரே பதிவு போதாதா ஐயா?

மொழிமாற்று ஒலித்தடம் மட்டும் கூடுதலாக உள்ள வட்டு என்றால் போதும். 546ஆம் புலத்தில் மொழிகளைக் குறித்துவிடலாம். ஆனால் 1957இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தைப் பாருங்கள். தலைப்பு, ஆண்டு, இயக்குநர் எல்லாம் ஒன்றே. ஆயினும் அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசனும் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவும் நடித்தார்கள். இவை இரண்டு படங்கள். 130ஆம் புலத்தில் தலைப்போடு 'திரைப்படம், 1957, தமிழ்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தால் குழப்பம் தீரும். உறையில் அச்சிட்ட விவரங்களை நம்பாமல், வட்டை ஓடவிட்டுப் பெயர்த் திரையைப் பார்த்தே தலைப்பை எழுதுங்கள். உறையிலுள்ள ஆண்டு பல நேரங்களில் வட்டு வெளியான ஆண்டாக இருக்கும். படத்தின் ஆண்டு அதுவன்று.

புதுச்சேரி, பிரெஞ்சுத் துறை ஆசிரியர்: பிரான்சிலிருந்து வாங்கிய வட்டுகள் எங்கள் கருவியில் ஓடுவதில்லை.

அங்கு விற்பவை பெரும்பாலும் 2ஆம் மண்டலக் குறியீடு (வட்டு எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் காட்டும் எண்) கொண்டவை, இந்தியாவுக்குரியது 5. மண்டல எண்ணை 538ஆம் புலத்திலும் உறையின் மேலும் குறித்துவிட்டு, எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி ஒன்றை வாங்குங்கள்.

கடலூர், நூலகப் பணியாளர்: எண் எழுதிய தாளை வட்டின் மேலேயே ஒட்டலாமா?

கூடாது. வட்டு சமநிலை தவறும். நம் கடற்கரை ஈரப்பதத்தில் தாளின் ஓரம் பிரிந்து கருவிக்குள் சிக்கவும் கூடும். நீரை அடிப்படையாகக் கொண்ட மையுள்ள பேனாவால் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் எழுதி, வட்டை உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள்.